துணிச்சல் வேண்டாம், தம்பி

"விமானம் ஓட்டுறதெண்டால் நெஞ்சில துணிவு வேணும்." மன்னார்ப் பக்கத்தில் ஒரு பிள்ளை விமானியாகப் போகிறேன் என்று வாய் திறந்தால் முதலில் வந்து விழும் வசனம் இதுதான். சொல்பவர் லண்டனிலிருந்து லீவில் வந்த சித்தப்பாவாக இருக்கலாம், ரியூசன் வாத்தியாராக இருக்கலாம், கொழும்பில் விமானப் பள்ளிக்கு ஆள் பிடிக்கும் தரகராகவும் இருக்கலாம். பின்னாலேயே இன்னும் இரண்டு வந்து சேரும்: கணக்கில் புலியாக இருக்கவேணும், கண்ணாடி போட்டிருக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடித்தபிறகு தாய் மெல்லக் கேட்பாள், "அதுக்கு எவ்வளவு காசு வேணும்?"

இந்த நான்கில் தாயின் கேள்வி ஒன்றுதான் கேட்கவேண்டிய கேள்வி. கண்ணாடியும் கணக்கும் வெறும் அறியாமை, அவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். துணிச்சல் பற்றிய பேச்சு அப்படியல்ல. அது ஆளைக் கொல்லும்.

கண்ணாடிக் கதை எங்கிருந்து வந்ததோ தெரியாது. போர் விமானிகளுக்கான கட்டுப்பாடுகளை யாரோ எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்க வேண்டும். சிவில் விமானிக்குச் சர்வதேச விதி கேட்பது, கண்ணாடி போட்டோ போடாமலோ பார்வை குறித்த அளவுக்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்பதைத்தான். வானூர்திகளில் கண்ணாடி போட்ட கப்டன்கள் நிறையப் பேர். மூக்குக் கண்ணாடியால் திருத்த முடியாதது நிறக்குருடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கு அது பதினெட்டு வயதுவரை தெரியாமலே இருந்துவிடலாம். ஆகவே காசு கட்டமுன் மருத்துவப் பரிசோதனை, அதிலும் வணிக விமானிக்குரிய முதலாம் வகுப்புப் பரிசோதனை. கட்டிய பிறகு போனவர்களின் கதை நல்ல கதையல்ல.

கணக்கும் அப்படித்தான். விமானத்துக்குள் வேண்டியது கூட்டல், கழித்தல், வகுத்தல், கொஞ்சம் முக்கோணம். வகையீடும் தொகையீடும் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இரத்மலானையிலிருந்து மன்னார் ஏறத்தாழ நேர் வடக்கே, 130 கடல் மைல். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 152 காற்றில்லாத நாளில் 95 நொட்டில் போனால் எத்தனை நிமிடம்? எதிர்க்காற்று 20 நொட் என்றால் எத்தனை? திரும்பி வர எரிபொருள் போதுமா? சாதாரண தரக் கணிதம் தாராளம். ஆனால் அந்தக் கணக்கைப் பிழையில்லாமல், சோம்பலில்லாமல், ஒவ்வொரு முறையும் போடவேண்டும். புலி தேவையில்லை, எறும்பு போதும்.

இனித் துணிச்சலுக்கு வருவோம்.

இந்த எண்ணத்தை எங்களுக்குள் ஊட்டியதில் சினிமாவுக்கும் பங்குண்டு, யுத்தத்துக்கும் பங்குண்டு. வன்னியிலும் மன்னாரிலும் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் விமானம் என்றால் முதலில் சத்தம்தான். அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். 1998 செப்டெம்பரில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன்எயார் அன்ரனோவ் விமானம் 55 பேருடன் இந்தக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதன் சிதைவுகளை இரணைதீவுக் கடலில் கண்டெடுக்க 2012 ஆயிற்று. இப்படியான ஞாபகங்களோடு வாழ்ந்த ஒரு தலைமுறை, விமானத்தில் ஏறுகிறவனை மரணத்துக்கு அஞ்சாதவனாக நினைத்ததில் வியப்பில்லை. அவர்களைப் பழிக்கவும் முடியாது. ஆனால் யுத்த விமானியை வைத்துச் சிவில் விமானியை அளக்கக் கூடாது. முன்னவன் ஆபத்துக்குள் போகச் சொல்லி அனுப்பப்படுகிறவன். பின்னவனின் முழுத் தொழிலும் ஆபத்துக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது.

இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27 அன்று. ஓட்டிவந்தவர் கப்டன் டின்டேல் பிஸ்கோ, சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். இந்த நாட்டின் முதல் ஓடுபாதையைத் தொட்டது ஒரு வாத்தியாரின் சில்லு என்பது எனக்கு எப்போதும் பிடித்த விசயம். துணிவு என்ற சொல்லை வைத்துப் பெண்பிள்ளைகளை ஒதுக்குகிறவர்களுக்கு இன்னொன்று: உஷா சுந்தரம் பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரச பயிற்சிப் பள்ளியில் பயின்று விமானியானது 1949இல். இரண்டு வருடத்தில் கணவரோடு சேர்ந்து சென்னை அரசுக்கான டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

சரி, துணிச்சல் எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம்.

பேசாலைப் பெடியன் ஒருவன், தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்துச் சில மாதம் ஆனவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம், ஒரு பின்னேரம். கரையோரமாகப் புத்தளம், கற்பிட்டி, குதிரைமலை, சிலாவத்துறை, அரிப்பு, வங்காலை என்று பார்த்துக்கொண்டே வடக்கே வருகிறான். பிழையொன்றுமில்லை. ஊர் தெரிகிறது, வெற்றி மாதா கோயில் தெரிகிறது. முற்றத்தில் அம்மா நிற்பாள் என்று சொல்லி வைத்திருக்கிறான். 500 அடிக்கு இறங்குகிறான். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடவேண்டும். சோளகம் நன்றாக வீசுகிறது. அந்தக் காற்று விமானத்தை வடக்கே தள்ளுகிறது, நினைத்த வட்டம் பெருத்துப் போகிறது, வீடு இறக்கைக்குப் பின்னால் மறைகிறது. விடுவானா? இன்னும் சரிக்கிறான், சுக்கானை இன்னும் தன் பக்கம் இழுக்கிறான். கண் முழுக்க வெளியே, முற்றத்தில். வேகமானியைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நடப்பதை ஒவ்வொரு தொடக்கக்காரரும் காகிதத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். நேராகப் பறக்கையில் 48 நொட்டுக்குக் கீழே போனால்தான் செஸ்னா 152இன் இறக்கை காற்றின் பிடியை இழக்கும். விமானிகள் இதை ஸ்டோல் என்பார்கள். இயந்திரம் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, இயந்திரம் முழுவீச்சில் உறுமிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் பதினைந்து, பதினாறு பாகையைத் தாண்டினால் மேற்பக்கம் ஓடும் காற்று பிய்ந்துவிடும், அவ்வளவுதான். உயரம் குறையாமல் 60 பாகை சரித்துத் திரும்பும்போது இறக்கை சுமப்பது விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கு. பிடி இழக்கும் வேகமும் 48இலிருந்து 68 நொட்டுக்கு ஏறிவிடுகிறது. பெடியன் 70இல் பறந்துகொண்டிருந்தால் அவனுக்கும் வீழ்ச்சிக்கும் இடையில் இரண்டு நொட். இன்னொரு இழுவை, ஒரு இறக்கை முதலில் சாய்கிறது, விமானம் சுழன்றபடி மூக்குக் குத்துகிறது. அதிலிருந்து மீளும் முறை எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. ஆனால் மீள 1,000 அடி வரை வேண்டியிருக்கும். அவனிடம் இருந்தது 500.

இந்தக் காட்சியை நான் புனைந்தேன். ஆனால் வீட்டுக்கு மேல் தாழப் பறந்து காட்டப்போய் விழுந்தவர்களின் பட்டியல் உலகெங்கும் நீளமானது. அதில் இருப்பவர்கள் எல்லாரும் துணிச்சல்காரர்கள். கோழைகளை அந்தப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. மன்னார்த் தீவின் தென்கரையில் இப்போது தம்பபவனியின் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அலகின் நுனி நூறு மீற்றரைத் தாண்டி உயரும் கோபுரங்கள் அவை. தாழப் பறக்கும் ஆசைக்கு அந்தக் கரை முன்னரைவிட மோசமான இடம். வங்காலைச் சரணாலயத்தில் வாடைக்கு வந்திறங்கும் பூநாரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரியில் நியூயோர்க்கில் ஒரு எயார்பஸ்ஸின் இரண்டு இயந்திரங்களையும் அணைத்து ஆற்றில் இறங்க வைத்தவை வாத்துகள்.

"துணிவில்லாதவன் ஏறவே மாட்டானே" என்று கேட்பார்கள். இதுதான் எதிர்த்தரப்பின் பலமான கேள்வி, ஆகவே நின்று பதில் சொல்கிறேன். ஏறுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. செஸ்னா 152 ஓடுபாதையில் 50 நொட்டைத் தொட்டதும், சற்று மூக்கைத் தூக்கிவிட்டால், தானே கிளம்பும். நேராகவும் மட்டமாகவும் விட்டால் கையை எடுத்தாலும் கொஞ்ச நேரம் பறந்துகொண்டிருக்கும். அந்த விமானத்தை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். முதல் பாடத்திலேயே பயிற்றுநர் இதைக் காட்டுவார். பயம் அந்த அரை மணித்தியாலத்திலேயே பாதி கரைந்துவிடும். மிச்சப் பாதி கரையாமல் இருப்பது நல்லது.

துணிவால் வெல்ல முடியாத ஒன்று மனித உடம்புக்குள்ளேயே இருக்கிறது. 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 விமானிகளை ஒவ்வொருவராக ஏற்றி, வெளியே பார்க்க முடியாமல் செய்து, விமானத்தைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு எடுத்த நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது உட்காது பொய் சொல்லும். விமானம் சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறேன் என்று சத்தியம் செய்யும். 1999 ஜூலையில் கென்னடி குடும்பத்து இளையவர் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மங்கலான இரவில் கடலுக்கு மேல் போய் விழுந்தது இப்படித்தான்.

மன்னார்க் கடலைப் பங்குனி, சித்திரையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காற்றடங்கி, நீர் கண்ணாடியாகி, தூரத்தில் புகார் படிந்திருக்கும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கரையில் நின்று பார்த்தாலே தெரியாது. மழையில்லை, முகிலில்லை, பகல் வெளிச்சம் இருக்கிறது. துணிச்சல்காரனுக்கு அது நல்ல நாள். பழகிய விமானி அன்றைக்குக் கரையை விட்டு விலகமாட்டார், அல்லது வண்டியை வெளியே எடுக்கவே மாட்டார்.

எங்கள் கரைக்கு இதில் படிப்பிக்க ஏதும் இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. விமானப் படிப்பு நகரத்துப் பிள்ளைகளுடையது என்று சொல்கிறவர்கள் விமான நிலைய ஓடுபாதைகளைக் கவனித்துப் பார்க்கவேண்டும். இரத்மலானையிலும் கட்டுநாயக்கவிலும் ஓடுபாதையின் ஒரு நுனியில் 04 என்றும் மறு நுனியில் 22 என்றும் எழுதியிருக்கிறது. பலாலியில் 05, 23. பத்தால் பெருக்கினால் திசைகாட்டிப் பாகை: 40 வடகிழக்கு, 220 தென்மேற்கு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். அப்படியானால் அந்த இலக்கங்கள் என்ன? ஒன்று வாடை, மற்றது சோளகம். பேசாலையில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு காற்றுகளை நீட்டிப் போட்டுத் தார் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்தக் காற்றுகளோடு எங்கள் சனம் எப்படி நடந்துகொள்கிறது? சோளகம் தொடங்கித் தென்கடல் குழம்பினால் பல வாடிகள் வடகடல் பக்கம் இடம் மாறும். வாடைக்கு மறுபடி தெற்கே. காற்றோடு மல்லுக்கட்டாமல் கரையை மாற்றிக்கொள்வது இங்கே தலைமுறைத் தலைமுறையாக வரும் ஒழுங்கு. விடியப்புறம் படகடியில் நிற்கும் மனிதரைக் கவனியுங்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பேசாமல், தென்மேற்கைப் பார்த்தபடி நிற்பார். எரிபொருள் நிரப்பியாயிற்று, வலை ஏற்றியாயிற்று, கூலிக்கு ஆள் வந்தாயிற்று. எல்லாம் முடிந்தபிறகு, "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லி வலையை இறக்குவார். அவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. விமானப் பள்ளியில் படிப்பிக்கக் கடினமான பாடம் அதுதான்: பணம் கட்டி, நேரம் ஒதுக்கி, சீருடை போட்டு, நண்பனிடம் சொல்லிவிட்டு வந்தபிறகு வேண்டாம் என்று சொல்வது.

இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. கடலில் இயந்திரம் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டு அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம். ஆகாயத்தில் காத்திருக்க இடமில்லை. கடலோடியின் மகன் பிறக்கும்போதே விமானி என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த காற்றை நொட்டிலும் பாகையிலும் எழுதப் பழகவேண்டும். ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றுக்கு செஸ்னா 152இன் கையேடு காட்டும் அளவு 12 நொட். 22ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது மேற்கிலிருந்து 15 நொட் கச்சான் வீசினால் குறுக்கே வருவது எவ்வளவு? ஏறத்தாழ பதினொன்றரை. மாணவன் தனியாக இறங்கவேண்டிய நாள் அதுவல்ல.

நிறையும் வெப்பமும் துணிச்சலுக்குக் கட்டுப்படாத இன்னும் இரண்டு. இந்தச் சிறு விமானம் கிளம்பக்கூடிய ஆகக்கூடிய நிறை 757 கிலோ. வெறும் விமானம் 510 கிலோ அளவில். தாங்கிகள் நிறைந்த எரிபொருள் ஏறத்தாழ 67 கிலோ. மிச்சம் 180. எண்பத்தைந்து கிலோவில் இரண்டு பேர் ஏறினால் பத்துக் கிலோதான் எஞ்சும். மன்னாரிலிருந்து திரும்பும்போது கருவாட்டுப் பெட்டி ஏற்றலாமா என்ற கேள்வி பகிடி மாதிரி இருக்கும், பகிடியல்ல. அந்தப் பெட்டியைப் பின்னுக்கு வைத்தால் பாரமையம் பின்னுக்குப் போகும், மேலே சொன்ன ஸ்டோலிலிருந்து மீள்வது இன்னும் கடினமாகும். வெப்பம் 35 பாகையில் நிற்கும் நாளில் கடல்மட்டத்து விமானம், 2,300 அடி உயரத்தில் நிற்பதைப்போல் மெலிந்த காற்றைத்தான் உணரும். கூடுதல் தூரம் ஓடும், மெதுவாக ஏறும்.

பறக்கமுன் செய்யும் வேலைகளில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தத் தொழிலின் குணம் தெரியும். இறக்கைக்கு அடியில் ஒரு சிறு வால்வு இருக்கும். மாணவர் ஒரு பிளாஸ்ரிக் குழாயை அதற்குள் குத்தி எரிபொருளில் கொஞ்சம் பிடிப்பார். பிடித்ததை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். விமானப் பெற்றோல் இளநீலம், சாயம் போட்டிருப்பார்கள். அடியில் நிறமில்லாத ஒரு குமிழ் உருண்டுகொண்டிருந்தால் அது தண்ணீர். கடற்கரை ஈரத்தில், பாதி நிரம்பிய தாங்கிக்குள் இரவில் வேர்த்துச் சேர்ந்தது. ஊற்றிவிட்டு மறுபடி பிடிக்கவேண்டும், குமிழ் வராதவரை. மறு இறக்கையிலும் அப்படியே. குழாய் முழுவதும் நிறமில்லாமல் இருந்தால் அசட்டையாளர் நல்ல சுத்தமான எண்ணெய் என்று நினைப்பார். கவனமானவர் மோந்து பார்ப்பார், குழாய் முழுக்கத் தண்ணீராக இருக்கலாம்.

அடுத்து, எங்கள் பாடசாலைகள் பெருமையோடு வளர்க்கும் ஒரு குணத்தைத் தொடவேண்டும். "சேர் சொன்னால் சரி" என்று வாயை மூடியிருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. விமானத்துக்குள் அந்த நல்ல பிள்ளை ஆபத்தானவன். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் வந்த அவியங்கா விமானம் வானிலையால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை கேட்டார், எரிபொருள் குறைகிறது என்றார். "அவசர நிலை" என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. விமானம் விழுந்தது, 158 பேரில் 73 பேர் செத்தார்கள். அவருக்குத் துணிவில்லை என்று இதற்கும் துணிச்சல்வாதிகள் கணக்கெழுதக் கூடும். அவருக்கு இல்லாமற் போனது பயிற்சி: மேலே இருப்பவரிடம் பிழையை நேராக, குறித்த சொல்லில் சொல்லும் பயிற்சி. 1980களிலிருந்து விமான நிறுவனங்கள் இதைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. ஆங்கிலத்துக்குப் பயப்படும் எங்கள் பிள்ளைகளும் இதைக் கவனிக்கவேண்டும். சர்வதேச விதி கேட்கும் நான்காம் படி ஆங்கிலத்துக்கு லண்டன் உச்சரிப்புத் தேவையில்லை. தெளிவு வேண்டும், விளங்காவிட்டால் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கூச்சமில்லாமல் கேட்கவேண்டும்.

இனி அம்மாவின் கேள்வி. தரகர்கள் துணிச்சலைப் புகழ்வதே இந்தக் கேள்வியை மறைக்கத்தான். "உங்கட மகனிட்ட அந்தத் துணிவு இருக்கு அன்ரி" என்று சொன்னபிறகு எந்தத் தாய் பேரம் பேசுவாள்? உண்மை இது: தனியார் விமானிக்குச் சர்வதேச விதி கேட்கும் ஆகக்குறைந்த பறப்பு நேரம் 40 மணித்தியாலம், பெரும்பாலானோர் அதில் முடிப்பதில்லை. வணிக விமானிக்கு வழக்கமாக 200. அதன்பிறகும் பல இயந்திர விமானப் பயிற்சி, கருவிப் பயிற்சி, நிறுவனம் பறக்கவிடும் விமான வகைக்குரிய பயிற்சி என்று தனித்தனியாகப் பணம் போகும். விமானம், உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் டொலரில் வருபவை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது பாதிப் படிப்பில் நின்ற குடும்பங்களின் கணக்கு என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த அன்றே வேலை என்று எந்த விதியிலும் இல்லை. காணியை ஈடு வைக்கமுன் இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். ஒரே தவணையில் முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், பறக்கப் பறக்கக் கட்டும் இடத்தைத் தேடுங்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசும் நாளில் எத்தனை விமானம் இருக்கிறது, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "தனியாகப் பறக்கும் மாணவனை எந்தக் காற்றில், எந்தப் பார்வைத் தூரத்தில் நிறுத்துவீர்கள்? போன மாதம் எத்தனை தரம் நிறுத்தினீர்கள்?" நல்ல பயிற்றுநர் மேசை லாச்சியைத் திறந்து எழுதி வைத்த அளவுகளை எடுத்துக் காட்டுவார், ரத்துச் செய்த பறப்புகளின் பதிவையும் காட்டுவார். "எங்கட பெடியள் எந்தக் காத்துக்கும் பயப்பிடமாட்டினம்" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினால் தேத்தண்ணி வரும்வரை காத்திருக்க வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள்.